கையால் சுற்றும் மூலான்

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'மூலான்' என்றால் தோதே கதைகளின் மாவாலைதான். 1932-இல் ழான் மாந்த்லே என்பவர் காய்கறி மசிக்கும் கைச்சாதனம் செய்தார். மனைவியின் உருளைக்கிழங்கு மசியல் கட்டி தட்டியதே காரணம் என்பார்கள் (பழி மனைவிமேல்தானே!). துளைத் தட்டு, சாய்ந்த தகடு, கைப்பிடி. சுற்றினால் மசியல் கீழே இறங்கும், தோல் மேலே தங்கும். லியோன் சந்தையில் 36 பிராங்குக்குச் சீந்துவாரில்லை. 20 ஆக்கியதும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

1956-இல் மின்சாரக் காப்பி அரைப்பான் வந்தது, மறு ஆண்டே நிறுவனத்தின் பெயர் மூலினெக்ஸ். பெண்களுக்கு விடுதலை தருவதாக விளம்பரம் செய்தார்கள். 2001-இல் நிறுவனம் திவாலாயிற்று.

விடுதலை என்றது பொய்யில்லை. அம்மா அம்மியருகே கழித்த மணிநேரங்களை நான் பார்த்தவன். மின்சாரமில்லாமல் வாழப்போகிறோம் என்று கைச்சாதனம் தேடும் இளைஞர்களிடம், சுற்றப்போகும் கை யாருடையது என்றுதான் முதலில் கேட்பேன்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, எங்கள் தெருவில் பல நாள் மின்சாரமில்லை. மிக்சி சும்மா கிடந்தது. கொல்லையில் கிடந்த அம்மியைக் கழுவி, நானும் மருமகனும் முறைபோட்டுச் சட்னி அரைத்தோம். தேங்காய் திப்பிதிப்பியாக இருந்தது. வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.