பெருங்குடற் பொலிப்பை இனங்காணும் கலை: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் தொலைநோக்கியால் வானத்தை ஆராயத் தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்ற பின்னரே தன் உடலின் அகத்தை நோக்கும் கருவியொன்றை ஆக்கினான். 1806 ஆம் ஆண்டில் பிராங்போட் நகரத்து மருத்துவர் பிலிப் பொசினி மெழுகுதிரிச் சுடரையும் ஆடியையும் துணைக்கொண்டு அதனை அமைத்தார். பின்னர் எழுந்த கருவிகளும் வளையாத குழாய்களாகவே இருந்தமையின், பல வளைவுகளையுடைய பெருங்குடல் முழுவதையும் அவற்றாற் காணல் இயலாதாயிற்று. 1954 இல் இலண்டனில் கொப்கின்சும் இந்தியாவிற் பிறந்த நரீந்தர் கப்பானியும் மெல்லிய கண்ணாடி நார்க்கற்றை வழியே உருவத்தைச் செலுத்திக் காட்டினர். அந்நெறியின் பயனாக, 1969 இல் நியூயோர்க்கில் வுல்வ், சினியா என்னும் மருத்துவர் இருவர் பெருங்குடலினுள் உள்நோக்கியைச் செலுத்தி, ஆங்கிருந்த பொலிப்பைக் கம்பிச் சுருக்கால் அகற்றும் முறையைத் தொடக்கினர்.

காணுதல் கைகூடிற்று, அறிதலோ கைகூடவில்லை. பொலிப்புகளுள் அடினோமா என்னும் வகை நாளடைவிற் புற்றுநோயாக மாறவல்லது. சிறிய மிகைவளர்ச்சிப் பொலிப்புகளோ பெரும்பாலும் தீங்கற்றவை. வெறும் வெள்ளொளியில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுதலும் உண்டு. ஆகவே, கண்டவற்றையெல்லாம் வெட்டி நுணுக்குக்காட்டிச் சோதனைக்கு அனுப்புதல் வழக்கமாயிற்று. வெட்டுதலாற் குருதிப்பெருக்கும், அரிதாகக் குடலிற் துளையும் நேரலாம். வெட்டாது விடுதலாலோ உயிருக்கே இறுதி நேரலாம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தீர்ப்பே இவ்வரலாற்றின் உயிர்நிலையாகும்.

யப்பானிய மருத்துவர் கூடோ முதலானோர் இண்டிகோ காமைன் என்னும் நீலச் சாயத்தைப் பொலிப்பின்மேற் தெளித்து, உருப்பெருக்கி நோக்கினர். சாயம் பள்ளங்களிற் தேங்க, சுரப்பிகளின் வாய்கள் தெளிவுற்றன. அவ்வாய்களின் வடிவங்கொண்டு 1994 இல் வெளிவந்த ஐவகைப் பாகுபாட்டில், முதலிரு வகைகள் புத்திழையம் அல்லாதன, ஏனையவை புத்திழையங்கள், ஐந்தாவது வகை புற்றுநோய் குறித்த ஐயத்தை எழுப்புவது. இம்முறை நுட்பமானது, ஆயினும் காலமும் நெடும்பயிற்சியும் வேண்டுவது.

சாயத்திற்குப் பதிலாக ஒளியையே மாற்றியமைத்தது குறும்பட்டை ஒளிமுறை. 415, 540 நனோமீற்றர் அளவினையொட்டிய ஒளியலைகளை ஈமோகுளோபின் மிகுதியாக உறிஞ்சுதலின், மேற்பரப்பு நுண்குழாய்கள் கபில நிறமாகத் தோன்றும். ஒரு பொத்தானை அழுத்திய அளவில் இக்காட்சி கிடைக்கும். வேறு சில நிறுவனங்கள் ஒளியை மாற்றாது, பெற்ற உருவத்தைக் கணினியாற் திருத்தும் முறையைக் கைக்கொண்டன. பொது மருத்துவருக்கென எழுந்த நைஸ் பாகுபாடு நிறம், குருதிக்குழாய், மேற்பரப்பு என்னும் மூன்றையும் நோக்கி மூவகை கூறும். அதற்கு உருப்பெருக்கம் வேண்டுவதில்லை. 2014 இல் யப்பானியர் ஒருமித்து வகுத்த ஜேநெற் பாகுபாடு உருப்பெருக்கத்தை வேண்டும். இரண்டாம் வகையை இரண்டாகப் பிரிக்கும். அவற்றுள் 2பி எனப்படும் பிரிவிற் திட்பம் குறைவாதலின், ஆங்கு மீண்டும் சாயமுறையின் துணை நாடப்படுகின்றது. புதியது வந்தமையாற் பழையது பயனற்றுப் போகவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

2011 இல் அமெரிக்க உள்நோக்கு மருத்துவச் சங்கம், 5 மில்லிமீற்றருக்கு மேற்படாத பொலிப்புகளுக்கு ஓர் அளவுகோல் வகுத்தது. மலக்குடலிலும் அதனையடுத்த வளைகுடலிலும் உள்ள மிகைவளர்ச்சிப் பொலிப்பை வெட்டாது விடவேண்டுமாயின், 'இஃது அடினோமா அன்று' எனக் கூறும் தீர்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு அளவிலேனும் மெய்யாதல் வேண்டும். பயிற்சி மிக்கோர் இவ்வளவை எய்தினர். பொது மருத்துவமனைகளிற் பலர் எய்திலர். கருவி ஒன்றாயிருந்தும் பயன் வேறுபட்டது. அன்றியும், தட்டையான இரம்பப்பல் வகைப் பொலிப்பு தீங்கற்றதுபோலத் தோன்றிப் பிற்காலத்திற் புற்றாக மாறவல்லதாதலின், அதனையும் பிரித்தறியும் விதிகள் 2016 இல் சேர்க்கப்பட்டன.

பொசினியின் மெழுகுதிரி முதல் இன்றைய கணினித் துணை வரை ஒளி வளர்ந்த வரலாறு ஒன்று; கண்டதற்கு அனைவரும் ஒரே பெயரிடக் கற்ற வரலாறு மற்றொன்று. நோயாளரின் நலம் பெரிதும் இரண்டாவதனையே சார்ந்துள்ளது. சிறந்த கருவியை விலைக்கு வாங்கலாம். தேர்ந்த கண்ணைப் பயிற்சியாலன்றிப் பெறுதல் இயலாது.