'சிசோடைப்பல்' என்னும் பெயரும் அளவுகோலும்

மனச்சிதைவு நோயின் சாயல் உடையராயினும் அந்நோய்க்கு முற்றும் ஆட்படாதாரைக் குறிக்கச் சாண்டோர் ராடோ என்பார் 1953-இல் 'சிசோடைப்' என்னும் சொல்லை ஆண்டார்; 1962-இல் பால் மீல் அதனை மரபுவழிக் கோட்பாடாக விரித்தார். அமெரிக்க உளமருத்துவர் சங்கக் கையேடு 1980-இல் அதனை ஆளுமைக் கோளாறுகளுள் சேர்த்தது. உலக நலவாழ்வு நிறுவனமோ 1992-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் மனச்சிதைவின் இனத்திலேயே வைத்தது.

நாம் ஈண்டு நோக்கத்தக்கது பிறிதொன்று. விந்தை நம்பிக்கை அறிகுறியாதற்கு அஃது ஒருவர்தம் குழுவின் வழக்கொடு மாறுபடல் வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்பு வரையறுத்தது. கண்ணேறு முதலியன அறியாத அயலார்க்குக் கோளாறெனத் தோன்றக்கூடும் எனவும் குறித்தது. கண்ணேறு கழித்தலை மனைதோறும் காணும் நமக்கு இக்குறிப்பு மிகையன்று. ஆயின், நெருங்கிய நண்பர் இன்மையும் இக்கோளாற்றின் அறிகுறிகளுள் ஒன்றாம். எவரொடும் ஒன்றாதானை எவர் வழக்கால் அளப்பது? உடன்வந்த உறவினரின் சொல்லே அளவுகோலாகிவிடுதலும் உண்டு.