சீதன வீடு பிறந்த கதை

மட்டக்களப்பின் செட்டிபாளையத்தில் கலியாணம் முடிந்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். பிறக்கும் பிள்ளைக்கு அம்மம்மா அதே வளவில் இருப்பார். பெரியம்மா, சின்னம்மாமார் கூப்பிடு தூரத்தில். அப்பாவின் தாயைப் பார்க்கத்தான் சைக்கிள் எடுக்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை ஊர்களில், காத்தான்குடி முஸ்லிம்கள் உட்பட, இதுதான் வழக்கம். பிள்ளையின் குடியும், அதாவது குலமும், தாயின் குடியே. இப்பகுதிக் கோயில்களில் திருவிழாப் பங்கு அந்தக் குடிமுறைப்படிதான் வரும்.

வீடு தாய்க்குச் சீதனமாக வந்தது. ஆனால் தொடக்கத்தில் சொத்து இப்படி இறங்கவில்லை. மட்டக்களப்பில் அன்று செல்லுபடியானது முக்குவர் சமூகத்தின் பெயரில் வழங்கிய முக்குவர் சட்டம். அதன்படி ஒருவரின் முதுசொம், அதாவது பரம்பரைச் சொத்து, அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் ஆண்மக்களுக்குப் போகும். சொந்தப் பிள்ளைக்கு ஏதும் கொடுக்க ஆசைப்பட்ட தகப்பனுக்குத் தேடிய தேட்டம்தான் கைகொடுத்தது. 1876இல் கிறிஸ்தோபர் பிரிட்டோ இந்தச் சட்டத்தைத் தொகுத்து ஆங்கிலத்தில் அச்சிட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைச் செல்லாததாக்கிவிட்டது.

புதுச்சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. ஊர் அப்படிப் பிரிக்கவில்லை. வீட்டையும் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை வயலையும் கலியாணத்தோடு மகள்மாருக்கு எழுதியது. மாமனிடமிருந்து மருமகனுக்குப் போன சொத்து, தாயிடமிருந்து மகளுக்குத் திரும்பியது. நாம் இன்று காணும் சீதன வீடு அப்படி உருப்பெற்றது என்றே நான் நினைக்கிறேன்.

இதில் பெற்றோருக்கு ஓய்வில்லை. மூத்தவள் கலியாணம் முடித்ததும் கொஞ்சக் காலம் எல்லாரும் ஒரே உலையில் சமைப்பார்கள். பிறகு வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு, தாயும் தகப்பனும் இளையவர்களோடு பக்கத்தில் இன்னொன்றைக் கட்டிப் போவார்கள். அடுத்தவள் முடித்தால் அதையும் விட வேண்டும். ஆகவே ஒரு பிள்ளையின் குடும்பம் பிறக்கும்போது பெரிதாக இருந்து, அம்மம்மா வெளியேறச் சிறுத்து, அக்காவின் கலியாணத்தோடு தானும் இடம்பெயரும். பெரும்பாலும் வளவு மட்டும் மாறாது.

உள்நாட்டுப் போரில் அப்பா கொல்லப்பட்டோ காணாமல் போயோ விட்ட குடும்பங்களில் இந்தச் சீதன வீட்டு வழக்கம் பிள்ளைகளைத் தாங்கியது. இருந்த கூரையை விட்டு அவர்கள் போக நேரவில்லை. 1980களிலிருந்து தாய்மார் வீட்டுப் பணிப்பெண்களாக மத்திய கிழக்குக்குப் போனபோதும் பிள்ளைகள் அம்மம்மாவிடமே வளர்ந்தார்கள். இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட முடியாது. பலர் குவைத்துக்கும் சவூதிக்கும் போனது மகளுக்கு ஒரு கல்வீடு கட்டத்தான். பிள்ளையைத் தாங்கும் வீடே தாயையும் தூர அனுப்பியது.

2004 டிசம்பர் 26 சுனாமி கிழக்குக் கரையின் எத்தனையோ சீதன வீடுகளை அள்ளிப் போனது. மீள்குடியேற்றத்தில் புதுவீடு கொடுத்த அதிகாரிகள் படிவத்தில் "குடும்பத் தலைவர்" யாரென்று கேட்டு, பல இடங்களில் கணவர் பெயரிலேயே உறுதி எழுதினார்கள். பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமை கேட்டன. அழிந்தது மனைவியின் வீடு, கிடைத்தது கணவனின் வீடு. அப்படிப்பட்ட வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதத் தாயின் கையெழுத்துப் போதாது. தகப்பன் வேறு குடித்தனம் போயிருந்தாலும் அவரைத் தேடிப் பிடித்து நொத்தாரிசிடம் கூட்டிவர வேண்டும்.