கம்பு யாருடைய முதுகுக்கு?



ஓசூரில் கம்புக்கு மூன்று மொழியில் பெயர் உண்டு. தமிழில் கோல், கன்னடத்தில் கோலு, தெலுங்கில் கர்ரா. எந்தப் பெயரைச் சொன்னாலும் சேரியில் முதலில் கூசுவது முதுகுதான். அதனால்தான் இந்த நினைவுப் பொழிவில் கம்பின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். பண்டைய ரோமிலிருந்து தொடங்குகிறோம்.

ரோமில் ஃபாஸ்கேஸ் என்று ஒன்று இருந்தது. நீண்ட கம்புகளைச் சேர்த்துச் சிவப்பு வாரால் இறுக்கிக் கட்டி, நடுவில் ஒரு கோடரியைச் செருகியிருப்பார்கள். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதிகாரிக்கு முன்னால் வரிசையாக நடப்பவர்கள் லிக்டர்கள். கான்சலுக்கு 12 லிக்டர்கள், நெருக்கடிக் காலச் சர்வாதிகாரிக்கு 24. கட்டை அவிழ்த்தால் கம்பு அடிப்பதற்கு, கோடரி தலையை வெட்டுவதற்கு. அவிழ்க்கத் தேவையில்லாதபடி பயத்தை உண்டாக்குவதே அந்த ஊர்வலத்தின் வேலை.

ரோம நகர எல்லைக்குள் நுழைந்ததும் கோடரியைக் கழற்றிவிடுவார்கள். குடிமகன் ஒருவனைக் கொல்ல வேண்டுமானால் அவன் மக்களிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற உரிமைக்கு அது மரியாதை. பிறகு போர்சியச் சட்டங்கள் வந்து, குடிமகனைக் கம்பால் அடிப்பதையும் தடுத்தன. நம் பாடப்புத்தகங்கள் ரோமக் குடியரசின் பெருமையை இங்கே நிறுத்திக்கொள்ளும். நாம் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: அப்படியானால் அந்தக் கம்பு யாருக்கு? அடிமைக்கு, அயலானுக்கு, வென்ற நாட்டு மக்களுக்கு. பிலிப்பி பட்டணத்தில் பவுலைக் கம்பால் அடித்துச் சிறையில் போட்ட கதையை நம் கிறிஸ்தவத் தோழர்கள் அறிவார்கள். தாம் ரோமக் குடிமகன் என்று அவர் சொன்னதும் அதிகாரிகள் பயந்துபோனார்கள். அடித்த பிழைக்காக அல்ல, அடிக்கக்கூடாத உடம்பை அடித்துவிட்டதற்காக.

இதே கணக்கை இந்த மண்ணிலும் எழுதி வைத்திருந்தார்கள். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலைக் கும்பினி எடுத்துக்கொண்டது. கிருஷ்ணகிரி அதில் அடக்கம். சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆவது ஒழுங்குவிதி, சிறு குற்றங்களுக்குத் தண்டனை தரும் அதிகாரத்தைக் கிராமத் தலைவரிடம் கொடுத்தது. சாதாரண ஆளானால் சாவடியில் அடைத்து வைக்கலாம். இழிவுபடுத்தும் தண்டனைக்கு ஏற்றவர்கள் என்று கருதப்பட்ட 'கீழ்ச்சாதி'யாரானால் தொழுமரத்தில் காலை மாட்டலாம். வழக்கமாக நடந்த கொடுமையைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. சட்டப் புத்தகத்தில் அச்சிட்டிருந்ததைச் சொல்கிறோம். உடம்பைச் சாதி பார்த்துத் தண்டிப்பதை வெள்ளையன் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஊரில் இருந்ததற்கு முத்திரை குத்திக் கொடுத்தான். 1864இல் சவுக்கடிச் சட்டமும் வந்தது. சவுக்கடித் தண்டனை ஒழிந்தது 1955இல், சுதந்திரம் வந்து எட்டாண்டு கழித்து.

கம்புக் கட்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு. இத்தாலிய மொழியில் 'ஃபாஷோ' என்றால் கட்டு, சேர்க்கை. 1890களில் சிசிலித் தீவின் விவசாயிகளும் தொழிலாளர்களும் தங்கள் சங்கங்களுக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். 1894இல் அரசு இராணுவத்தை இறக்கி அவற்றை நசுக்கியது. கால் நூற்றாண்டு கழித்து, 1919இல், முசோலினி அதே சொல்லை எடுத்துத் தன் படைக்குச் சூட்டினான். இன்று 'பாசிசம்' என்று நாம் மேடையில் முழங்கும் சொல் உழைப்பவனிடமிருந்து திருடப்பட்டது. சிப்காட்டில் சங்கம் கட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நம்மூர்க் கோலுக்கு வருவோம். 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் சபாநாயகர் இருக்கை அருகே ஒரு செங்கோலை நிறுவினார்கள். உச்சியில் நந்தி. சென்னை உம்மிடி பங்காரு செட்டி நிறுவனம் செய்தது. 1947 ஆகஸ்ட் 14 இரவு திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் கொடுக்கப்பட்டு, பிறகு அலகாபாத் அருங்காட்சியகத்தில் கிடந்தது. அதே மாதம் 24ஆம் தேதி 'திராவிட நாடு' இதழிலேயே அண்ணா இதைச் சந்தேகத்தோடு எழுதினார். மடங்கள் தங்கள் உடைமையைக் காத்துக்கொள்ளத் தேடும் வழி என்று எச்சரித்தார். வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் எழுதிய கையோடு கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார் என்பதை நிறுவியவர்கள் சொல்லவில்லை.

அந்தச் செங்கோல் புறப்பட்ட தஞ்சை மண்ணில், நிலமுடையோரின் வயல்களில் பண்ணையாளுக்குக் கிடைத்த கோல் எது? சாட்டையடி, கூடவே சாணிப்பால். அதை நிறுத்தியது 1940களில் எழுந்த செங்கொடிச் சங்கம். அதைக் கட்டியவர்களில் முன்னால் நின்ற பி. சீனிவாசராவ் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். எல்லையில் வாழும் நமக்கு இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னால் சிவப்பு உடுப்பில் வெள்ளிக்கோல் ஏந்தி ஒருவர் நடப்பது வழக்கம். நீதிபதி கே. சந்துரு அது தமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார். கோலை விட்டால் நீதி குறைந்துபோகும் என்று பயந்தவர்களுக்கு அவருடைய தீர்ப்புகளே பதில்.

லிக்டர்களைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. அவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். முந்தாநாள் அடிபட்டவன் கையில் கம்புக் கட்டு. நம் கிராமங்களிலும் மணியக்காரருடைய உத்தரவைச் சுமந்து ஓடிய தோட்டியும் வெட்டியானும் நம்மவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலை வாசலில் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். லத்தியோடு எங்களைத் தடுக்க நின்ற காவலாளிப் பையன் எங்கள் பக்கத்துச் சேரி. அவனும் ஒப்பந்தக்காரனிடம்தான் கூலி வாங்கினான், எங்களைவிடக் குறைவாக. "அண்ணா, மேனேஜர் பார்க்கிறார், கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றான் மெதுவாக. நாங்கள் தள்ளி உட்காரவில்லை. அவனும் லத்தியைத் தூக்கவில்லை. மறுவாரம் அந்த வாசலில் வேறு பையன் நின்றிருந்தான்.