வழக்கறிஞர் ஒழுங்கு விசாரணை: திருத்தணி வட்டார வரலாறு

வழக்கறிஞர் மீது கட்சிக்காரர் அளிக்கும் தொழில் ஒழுங்கீனப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் இன்று மாநில பார் கவுன்சிலுக்கு உரியது. நீதிமன்றந்தோறும் உள்ள வழக்கறிஞர் சங்கங்களுக்கு இவ்வதிகாரம் இல்லை. அம்மையார்குப்பம் உள்ளிட்ட திருத்தணி வட்டாரத்தில் இந்த அதிகாரம் சில ஆண்டுகளுக்குள் பலமுறை கைமாறியது.

எல்லை மாற்றம்

1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இவ்வட்டாரம் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1954-இல் குண்டூரில் ஆந்திர உயர்நீதிமன்றம் அமைந்தபோது இப்பகுதி அதன் வரம்புக்குள் சென்றது. 1956-இல் அந்நீதிமன்றம் ஐதராபாத்துக்கு மாறியது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தையும் படாஸ்கர் பரிந்துரையையும் தொடர்ந்து, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆறு ஆண்டுகளுக்குள் ஒரே ஊரார் குண்டூர், ஐதராபாத், சென்னை என மூன்று நகரங்களின் உயர்நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

பழைய முறை

கீழமை நீதிமன்றங்களில் வாதாடிய பிளீடர்களுக்கு 1879-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தியது. அட்வகேட்டுகளுக்கு 1926-ஆம் ஆண்டு பார் கவுன்சில் சட்டம் வந்தது. அதன்படி தலைமை நீதிபதி நியமிக்கும் மூன்று முதல் ஐந்து பேர் கொண்ட தீர்ப்பாயம் விசாரிக்கும். ஆனால் தண்டனை விதித்தது உயர்நீதிமன்றமே.

1961-க்குப் பின்

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் தண்டிக்கும் அதிகாரத்தையும் பார் கவுன்சிலிடம் அளித்தது. புகாரில் முகாந்திரம் இருப்பதாகக் கவுன்சில் கருதினால் அது மூவர் குழுவுக்குச் செல்லும். இருவர் கவுன்சில் உறுப்பினர்கள். ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் வழக்கறிஞர். வழக்கறிஞருக்கும் அரசுத் தலைமை வழக்கறிஞருக்கும் அறிவிப்பு அனுப்பப்படும். சாட்சிகளை அழைக்கவும், சத்தியப் பிரமாணத்தின் மேல் விசாரிக்கவும், ஆவணங்களைக் கோரவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் குழுவுக்கு உண்டு. இறுதி ஆணைக்கு மூவரும் அமர்ந்திருக்க வேண்டும்.

புகாரைத் தள்ளுபடி செய்தல், கண்டித்தல், குறிப்பிட்ட காலம் இடைநீக்கம் செய்தல், பெயரை நீக்குதல் ஆகியவை குழு பிறப்பிக்கக்கூடிய ஆணைகள். இழந்த பணத்துக்கு இழப்பீடு கோருபவர் வேறு மன்றத்தை நாட வேண்டும். இரு தரப்பும் சமரசமாகிவிட்டன என்பதற்காக மட்டும் விசாரணையைக் கைவிட முடியாது. தொழிலின் நம்பகத்தன்மையும் இதில் அடங்கியிருப்பதே காரணம். ஓராண்டுக்குள் முடியாத விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். அங்கு மேல்முறையீடு செய்ய 60 நாட்கள். அதன்பின் உச்சநீதிமன்றம் செல்ல மேலும் 60 நாட்கள்.

1978 தீர்ப்பு

தமிழ்நாட்டு வழக்கறிஞர் ஒருவர் கடன் பத்திர வழக்குகளுக்காகப் பணம் பெற்றும் அவற்றைத் தொடுக்கவில்லை என்ற புகாரில், மாநிலக் கவுன்சில் அவரை ஆறு ஆண்டுகள் இடைநீக்கியது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. நீதிபதி கிருஷ்ண ஐயர் இடம்பெற்ற உச்சநீதிமன்ற அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில், ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி செய்யும் கடமையையும் தண்டனையோடு சேர்த்தது.

இன்றைய நிலை

நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் தண்டனையாக வழக்கறிஞரின் உரிமத்தை நிறுத்திவைக்க முடியாது; அது பார் கவுன்சிலின் பணி என்று 1998-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அம்மையார்குப்பத்துக் கட்சிக்காரரின் புகார் சென்னையிலுள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்குச் செல்கிறது. சக வழக்கறிஞர்களே விசாரிப்பதால் தொழிலின் நுணுக்கம் அவர்களுக்குத் தெரியும். அதே காரணத்தால் அவர்களின் நடுநிலை குறித்துப் புகார்தாரருக்கு ஐயமும் எழலாம். மேல்முறையீட்டு வழி திறந்திருப்பதே அந்த ஐயத்துக்குச் சட்டம் தரும் விடை.