அளந்தவன் அஞ்சவில்லை

மின்னல் வெட்டிற்று, மனிதன் மிரண்டான். இடி இடித்தது, இறைவனின் சினம் என்றான். அஞ்சியவன் வணங்கினான், வணங்கியவன் இருளிலேயே இருந்தான். அளக்கத் துணிந்தவனோ, அதே மின் ஆற்றலை வீட்டுக்கு விளக்கேற்றும் பணியாளாக்கினான்!

யார் அந்தத் துணிவாளர்கள்? அரச குலத்தாரா? அருள் பெற்றவர்களா? இல்லை, உழைப்பாளிகள்.

கருவிகள் செய்து பிழைத்தவர் ஜேம்ஸ் வாட். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் நீராவிப் பொறியை விற்கப் புறப்பட்டபோது, வாங்குவோர் அறிய விரும்பியது ஒன்றே: இது எத்தனை குதிரைகளுக்கு ஈடு? வாட் கணக்கிட்டார். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் வேலையே ஒரு குதிரைத் திறன் என்றார். பெருமைப் பேச்சு போயிற்று, எண் வந்தது.

பூட்டுத் தொழிலாளியின் மகன் கியார்க் ஓம். நம்மைப்போல் பள்ளி ஆசிரியர். மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள உறவை ஆய்ந்து 1827இல் நூலாக வெளியிட்டார். பாராட்டா கிடைத்தது? பாராமுகம்! விரும்பிய பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. இருந்த வேலையையும் துறந்தார். 1841இல்தான் இலண்டன் இராயல் கழகம் பதக்கம் அளித்துப் போற்றியது. புறக்கணித்தவர் பெயர் நினைவில் இல்லை. ஓம் பெயரோ மின்தடையின் அலகாயிற்று.

1881இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு ஓம், வோல்ட், ஆம்பியர் என்னும் அலகுகளை ஏற்றது. மறு ஆண்டு வில்லியம் சீமென்சு 'வாட்' என்னும் பெயரை முன்மொழிந்தார். 1889 மாநாடு அதனையும் ஏற்றது. ஒரு குதிரைத் திறன் ஏறத்தாழ 746 வாட்.

இவற்றின் பொருள் என்ன? உயரத் தொட்டியிலிருந்து குழாயில் இறங்கும் நீரை எண்ணுங்கள். நீரின் அழுத்தம் போன்றது வோல்ட். பாயும் அளவு போன்றது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட். சூடேற்றும் கருவியொன்றில் 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் பாய்ந்தால் 460 வாட்.

வாட் என்பது வேலை நடக்கும் வேகம். 'யூனிட்' என்பது நடந்து முடிந்த வேலை. 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட். 100 வாட் விளக்கு பத்து மணி நேரம் எரிந்தாலும் அதே ஒரு யூனிட்தான். இந்த வேறுபாட்டை அறியாதவன், கட்டணச் சீட்டைக் கண்டு திகைப்பான். அறிந்தவன் கணக்குக் கேட்பான்.

தோழர்களே! வோல்ட்டுமானி பிறப்பைக் கேட்பதில்லை. தொடுபவன் யாராயினும் ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. எவர் சொன்னாலும் 'எவ்வளவு?' என்று கேட்போம். கேள்வி பிறந்த இடத்தில்தான் விளக்கு எரிந்தது!