வீட்டை பூட்டிட்டு வெளியூர் போறீங்களா? நாமே மாட்டும் அலாரம்-கேமராவில் எதை வாங்கலாம்?

குலசேகரம்:

குலசேகரம், திற்பரப்பு, பொன்மனை, திருவட்டார் சுற்று வட்டாரத்தில் பல வீடுகள் ரப்பர் விளைக்கு நடுவில் தனித்தனியாக இருக்கின்றன. ஒரு வீட்டில் சத்தம் போட்டால் அடுத்த வீட்டுக்கு கேட்பது சந்தேகம்தான். பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்க, வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருக்கும் குடும்பங்களும் ஏராளம். பால்வெட்டு தொழிலாளர்கள் விடியும் முன்பே வேலைக்கு கிளம்பிடுறாங்க. கல்யாணம், கோவில் கொடை, சர்ச் திருவிழா என்று குடும்பத்தோடு கிளம்பினால், வீட்டுக்கு காவல் ஒரு பூட்டு மட்டும்தான்.

இதனால் இப்போது பலரும் மார்த்தாண்டம், நாகர்கோவில் கடைகளிலோ, ஆன்லைனிலோ அலாரம்-கேமரா வாங்கி தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்குரூ டிரைவரும் செல்போனும் இருந்தா போதும், ஒரு மணி நேர வேலைதான். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம். அதுபற்றிய விவரம் வருமாறு:-

கேமரா சாட்சிதான், காவலாளி இல்லை

கேமரா மாட்டிட்டா திருடன் வரமாட்டான் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். 2019-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி இரவு அப்போதைய நெல்லை மாவட்டம் கடையம் அருகே கல்யாணிபுரத்தில் நடந்த சம்பவத்தை யாரும் மறந்திருக்க முடியாது. தோட்டத்து வீட்டின் முன்பு உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தை முகமூடி ஆசாமி துண்டால் இறுக்கினான். சத்தம் கேட்டு வெளியே வந்த அவரது மனைவி, கையில் கிடைத்த செருப்பையும் நாற்காலியையும் வீசினார். அரிவாளோடு வந்த 2 பேரையும் அந்த தம்பதி விரட்டி அடித்தனர். சுதந்திர தின விழாவில் தமிழக அரசு அவர்களுக்கு வீரத்துக்கான விருது கொடுத்தது.

அந்த வீட்டில் கேமரா இருந்தது. நாடே அந்த காட்சியை பார்த்தது. ஆனால் பார்த்தது எல்லாம் நடந்து முடிந்த பிறகு. அந்த நேரத்தில் கேமராவை பார்த்து யாரும் ஓடி வரவில்லை.

எனவே கடைக்கு போகும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுக்கணும். ராத்திரி 2 மணிக்கு ஏதாவது நடந்தால் நம் வீட்டுக்கு ஓடி வரப்போவது யார்? அந்த ஆளுக்கு தகவல் போய் சேர வைப்பதுதான் நல்ல கருவி. மற்றதெல்லாம் அதற்கு பிறகுதான்.

முதலில் கதவு, அப்புறம் கருவி

முன்வாசலுக்கு தேக்கு கதவு போட்டு, அடுக்களை கதவுக்கு லேசான பலகையும் சின்ன தாழ்ப்பாளும் வைப்பது நம்ம ஊர் பழக்கம். கம்பியால் நெம்புகிறவன் பின்பக்கம்தான் வருவான். பின்கதவுக்கு உள்பக்கம் இரும்பு பட்டை குறுக்காக போடுங்க. மாடிப்படி கதவையும் மறக்கக்கூடாது. வெளியே தொங்கும் பெரிய பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்கே சொல்லும். கதவோடு பதித்த பூட்டு நல்லது. ஏணி, கடப்பாரை, மண்வெட்டியை முற்றத்தில் போட்டுவிட்டு போகாதீங்க. நம்ம கடப்பாரையே நம்ம கதவை உடைக்கும்.

அலாரம் பெட்டியில் என்ன இருக்கும்?

நாமே மாட்டும் அலாரம் செட்டில் ஒரு கட்டுப்பாட்டு பெட்டி, கதவு சென்சார், ஆள் நடமாட்டத்தை கண்டுபிடிக்கும் சென்சார், சைரன், ரிமோட் ஆகியவை இருக்கும்.

கதவு சென்சார் என்பது 2 துண்டு. ஒன்று காந்தம். கதவு திறந்து காந்தம் விலகியதும் அலாரம் அடிக்கும். கதவு திறந்தால் மணி அடிக்கும் மின்சார அலாரத்துக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853-ம் ஆண்டே காப்புரிமை வாங்கிவிட்டார். அந்த அடிப்படை இன்றும் மாறவில்லை. மரக்கதவில் 2 துண்டுக்கும் இடைவெளி 1 சென்டி மீட்டருக்குள் இருக்கட்டும். இரும்பு கிரில் கேட், ஷட்டரில் சாதாரண சென்சார் சரியாக வேலை செய்யாது. இரும்புக்கென்று தனி மாடல் கேட்டு வாங்கணும்.

நடமாட்ட சென்சார் மனித உடலின் சூடு நகர்வதை வைத்து வேலை செய்கிறது. தரையில் இருந்து 7, 8 அடி உயரத்தில் அறை மூலையில் மாட்டணும். சென்சாரை நோக்கி நேராக வருபவனை விட, குறுக்கே நடப்பவனை அது சீக்கிரம் பிடிக்கும். வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே வைத்தால் சும்மா சும்மா அடிக்கும். பல்லி அதன் மேல் ஓடினாலும் அடிக்கும். சித்திரை வெயிலில் பூட்டிய அறை மனித உடம்பு சூட்டை நெருங்கும்போது அதன் கூர்மை குறைந்துவிடும். அதனால் இதை மட்டும் நம்பாமல் கதவு சென்சாரும் சேர்த்து வாங்குவதே சரி.

வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு முக்கியமானது அபாய பட்டன். கதவு சென்சார் எல்லாம் திருடன் கதவை உடைக்கும்போதுதான் உதவும். கல்யாணிபுரம் சம்பவம் போல திண்ணையில் இருக்கும்போது ஆள் வந்தால் பட்டன் ஒன்றுதான் கைகொடுக்கும். கழுத்தில் மாட்டுவது, தலையணைக்கு கீழே வைப்பது என்று 2 வகை உண்டு. நியூயார்க் நர்ஸ் மேரி வான் பிரிட்டன் பிரவுன் தன் கணவரோடு சேர்ந்து வடிவமைத்த வீட்டு கேமராவுக்கு 1969-ம் ஆண்டு காப்புரிமை கிடைத்தது. அந்த திட்டத்திலேயே கேமராவோடு அபாய பட்டனும் இருந்தது. இப்போது விற்கும் பல செட்டுகளில் கேமரா இருக்கு, பட்டன் இல்லை. கேட்டு வாங்குங்க.

சைரன் எங்கே?

செட்டோடு வரும் சைரன் 100 முதல் 110 டெசிபல் என்று போட்டிருக்கும். அது பக்கத்தில் நின்று அளந்தது. 100 மீட்டர் தூரத்தில் 40 டெசிபல் குறைந்துவிடும். நடுவில் ரப்பர் மரமும், மேலே ஆடி மழையும் இருந்தால் இன்னும் குறையும். சைரனை ஹாலுக்குள் வைத்தால் சத்தம் சுவரோடு நின்றுவிடும். ஒரு சைரன் உள்ளே, இன்னொன்று மழை படாத இடத்தில் ஓட்டுக்கு கீழே வெளியே, கை எட்டாத உயரத்தில் வேண்டும்.

துபாய்க்கு போன் போனால் யார் வருவது?

அலாரம் அடித்ததும் பெட்டியே 5, 6 பேருக்கு போன் செய்யும். முதல் நம்பராக வெளிநாட்டில் இருக்கும் மகன் நம்பரை போடுவதுதான் வழக்கம். இங்கே ராத்திரி 2 மணி என்றால் துபாயில் 12.30 மணி. அவர் தூக்கத்தில் எழும்பி, திரும்ப ஊருக்கு போன் போட்டு, யாராவது எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முதல் 2 நம்பர் 5 நிமிடத்தில் ஓடி வரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரங்க நம்பராக இருக்கட்டும். மகன் நம்பர் அதற்கு பிறகு. அவர்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பதும் அவசியம்.

சிம் கார்டு விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். விலை குறைந்த பல பெட்டிகள் 2ஜி சிம்மில் மட்டும் வேலை செய்யும். ஜியோவில் 2ஜி சேவை கிடையாது. பெட்டியில் ‘4ஜி’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்க. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி போன்ற மலையோர பகுதிகளில் எந்த கம்பெனி டவர் வீட்டுக்குள் கிடைக்கிறதோ அந்த சிம்மைத்தான் போடணும். ரீசார்ஜ் முடிந்துபோனால் அலாரம் அடிக்கும், போன் போகாது. ரீசார்ஜ் தேதியை காலண்டரில் குறித்து வையுங்க.

வை-பையில் வேலை செய்யும் கருவி என்றால், பெரும்பாலானவை 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் சேரும். மோடத்தில் அது ஆனில் இருக்க வேண்டும். பழைய வீட்டு தடித்த கல் சுவர்களை தாண்டி சிக்னல் போகிறதா என்று செல்போனை வைத்து முதலில் பார்த்துக்கணும்.

கரண்ட் போனால்...

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல இடங்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. புயல் இல்லாவிட்டாலும் மழைக்கு மரக்கிளை ஒடிந்து லைனில் விழுவது இங்கே சாதாரணம். அலாரம் பெட்டிக்குள் பேட்டரி இருக்கிறதா, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேளுங்க. வை-பை கேமரா என்றால் கேமராவுக்கு மட்டும் பேட்டரி இருந்து பலன் இல்லை. மோடத்துக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு வேண்டும். சென்சாரில் இருக்கும் பேட்டரி தீரும் முன் எச்சரிக்கை கொடுக்கும் மாடலே நல்லது.

கோடை மழையிலும், ஐப்பசி-கார்த்திகையிலும் இடி-மின்னல் பலமாக இருக்கும். முற்றத்தில் நீளமாக கேபிள் இழுத்த கேமரா, ரெக்கார்டரோடு சேர்ந்து கருகிப்போக வாய்ப்பு உண்டு. எர்த் சரியாக இருக்கணும். மின் அழுத்த பாதுகாப்பு கருவியும் போடணும்.

கேமராவில் கவனிக்க வேண்டியது

* வெளியே மாட்டுவதற்கு ஐ.பி.66 அல்லது அதற்கு மேல் தரம் தேவை. பலமான மழையை அது தாங்கும்.

* மாடி உச்சியில் மாட்டினால் திருடனின் தலைதான் தெரியும், முகம் தெரியாது. கதவை நோக்கி ஒரு கேமராவை 8 அடி உயரத்தில் மாட்டுங்க.

* ராத்திரியில் கேமராவின் இன்ப்ரா ரெட் வெளிச்சத்துக்கு முன்னால் சிலந்தி வலை கட்டினால் படம் முழுக்க வெள்ளையாக தெரியும். வாரம் ஒருமுறை துணியால் துடைக்கணும்.

* 2 மெகா பிக்சல் கேமரா 2 எம்.பி.பி.எஸ். வேகத்தில் பதிவு செய்தால் நாள் ஒன்றுக்கு சுமார் 22 ஜி.பி. பிடிக்கும். 128 ஜி.பி. கார்டு 5, 6 நாளில் நிறைந்து, பழைய காட்சி மேல் புதியது ஏறிவிடும். 4 கேமரா என்றால் 1 டி.பி. ஹார்டு டிஸ்க் 11 நாள்தான் தாங்கும். 15 நாள் வெளியூர் போகிறவர்களுக்கு 2 டி.பி. தேவை.

* சிம் டேட்டாவில் நேரடியாக பார்த்துக்கொண்டே இருந்தால் 2 ஜி.பி. இரண்டேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

* ரெக்கார்டரை டி.வி.க்கு கீழே வைக்காதீங்க. திருடன் அதையும் தூக்கிட்டு போய்விடுவான்.

பாஸ்வேர்டு 12345 வேண்டாம்

கேமரா வரும்போது இருக்கும் பாஸ்வேர்டை அன்றே மாற்ற வேண்டும். 2016-ம் ஆண்டு ‘மிராய்’ என்ற வைரஸ், பாஸ்வேர்டு மாற்றாத லட்சக்கணக்கான கேமரா, ரெக்கார்டர்களுக்குள் புகுந்தது. அவற்றை வைத்தே அந்த ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற இணையதளங்களை அமெரிக்காவில் முடக்கினார்கள். இதுபோன்ற ஆபத்தால் மத்திய அரசு 2024-ம் ஆண்டு புதிய விதிகளை அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல் சி.சி.டி.வி. கேமராக்களுக்கு பாதுகாப்பு சோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பெயர் தெரியாத மலிவு கேமராவை பார்த்தால், பெட்டியில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்க. பில் இல்லாமல் வாங்காதீங்க.

அடுத்த வீட்டை பார்க்கக்கூடாது

நம்ம கேட், முற்றம், கிணற்றடி தெரிந்தால் போதும். பக்கத்து வீட்டு குளியலறை, படுக்கையறை ஜன்னல் பக்கம் கேமராவை திருப்பினால் வம்பு நம்மை தேடி வரும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ம் ஆண்டு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கூட்டாக குடியிருக்கும் வீட்டின் உள்ளே மற்றவர் சம்மதம் இல்லாமல் கேமரா வைக்கக்கூடாது என்று கொல்கத்தா ஐகோர்ட்டு 2025-ல் கூறியது. அண்ணன்-தம்பி ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும் வீடுகளில் பேசி வைத்துக்கொண்டு மாட்டுவதே நல்லது. ராத்திரி ஓடி வர வேண்டியவரும் அந்த பக்கத்து வீட்டுக்காரர்தானே!

கொள்ளை நடந்துவிட்டால்...

உடனே 100 அல்லது 112-க்கு போன் செய்யணும். பீரோ, கதவு, பூட்டு எதையும் தொடக்கூடாது, ரேகை அழிந்துவிடும். கேமரா கார்டை கழற்றாமல், எதையும் அழிக்காமல் போலீசாரிடம் காட்டணும். 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுபடி, கேமரா காட்சியை கோர்ட்டில் கொடுக்க சான்றிதழ் தேவை. கேமராவில் ஓடும் தேதி, மணி தவறாக இருந்தால் வழக்கில் அதுவே சிக்கலாகும். வெளியூர் போகும் முன் போலீஸ் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டு போவதும், நகையை வங்கி லாக்கரில் வைப்பதும் எந்த கருவியை விடவும் மலிவு.

யாருக்கு எது?

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு: அபாய பட்டன், வெளி சைரன், 4ஜி சிம் பெட்டி. கேமரா அப்புறம்.

பகலில் பூட்டிக்கிடக்கும் வீடு: முன்-பின் கதவு சென்சார், ஹாலில் நடமாட்ட சென்சார், வாசலில் ஒரு கேமரா.

மாதக்கணக்கில் ஆள் இல்லாத வெளிநாட்டுக்காரர் வீடு: மேலே சொன்னதோடு இன்வெர்ட்டர், 2 டி.பி. ஹார்டு டிஸ்க், வாரம் ஒருமுறை வந்து பார்க்க ஒரு ஆள்.

மாட்டிய அன்றே வீட்டை பூட்டி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பின்கதவை திறந்து பாருங்க. சைரன் அடிக்கணும், பக்கத்து வீட்டு போன் ஒலிக்கணும், அவர் வெளியே வந்து எட்டிப்பார்க்கணும். மூன்றில் ஒன்று நடக்கவில்லை என்றாலும் சரி செய்த பிறகே வெளியூர் கிளம்புங்க. இந்த சோதனையை மாதம் ஒருமுறை செய்வது அவசியம்.